சமயநல்லூர் ஸ்டாப்பில் உன் படம்

கவி பாப்பாவுக்கு,

விடுதியில் சேர்த்த அன்றே உன் போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். கடிதம் போட்டால் கையில் கொடுப்போம் என்று வார்டன் அம்மா சொன்னதை நம்பி எழுதுகிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது உன் அம்மாவுக்கு, எங்களுக்கு நிச்சயம் ஆன பிறகு. அதையும் உன் மாமன் சரவணன் தபால்காரரிடமிருந்து வாங்கிப் பிரித்து, வீட்டிலிருந்த எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டான். நம் குடும்பத்தில் எந்தச் செய்தியும் உரிய ஆளிடம் போய்ச் சேருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும் வழக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை வார்டன் அம்மா படித்தாலும் படிக்கட்டும். வருடக்கணக்காகப் பஸ் ஸ்டியரிங் பிடித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். உன் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

நீட் ரிசல்ட் வந்த அன்று நான் வண்டியைச் சோழவந்தானில் நிறுத்திவிட்டு டீக்கடையில் நின்றேன். உன் அம்மா போனில் அழுதாள். "ஏங்க, பிள்ளை நல்லா வாங்கிருச்சுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்த் திரும்பியது. கண்டக்டர் பால்பாண்டிக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் உன் மாமன் அலங்காநல்லூரிலிருந்து இனிப்புப் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் பந்தல், மைக்செட் போடுகிறவன். சந்தோஷம் என்றாலும் துக்கம் என்றாலும் அவன் கால் முதலில் போகும் இடம் பிளக்ஸ் கடைதான். "மருமகளே, சமயநல்லூர் ஸ்டாப்புல இந்தா பெருசுக்கு உனக்கு பிளக்ஸ் வைக்கிறேன் பாரு" என்று கையை விரித்தான். நீ அப்போதே சொன்னாய்: "மாமா, மார்க் மட்டும்தான் வந்திருக்கு. கவுன்சிலிங் முடியட்டும்." அவன் என்னைப் பார்த்தான். நீயும் என்னைத்தான் பார்த்தாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "அதெல்லாம் கிடைக்கும்மா. மாமா ஆசையாச் சொல்றாருல்ல, விடு" என்றேன்.

அந்த பிளக்ஸைத் தயார் செய்த இடத்தில் நானும் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் முதலில் 'வருங்கால மருத்துவர் கவிப்பிரியா' என்றுதான் அடித்தான். உன் மாமன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, வருங்காலம் எதுக்கு? அது பாட்டுக்கு இடத்தை அடைக்குது. போன வருசம் எங்க ஊர்ல இதைவிடக் கம்மி மார்க்குக்கே ஒரு பையனுக்குச் சீட்டு கிடைச்சிருக்கு" என்றான். வருங்காலத்தை எடுத்துவிட்டு, 'டாக்டர்' என்று பெரிதாகப் போட்டு, அந்த இடத்தில் உன் முகத்தைப் பெரிதாக்கினார்கள். பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த படம். கழுத்துக்குக் கீழே எவனோ ஒருவனின் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும். கையில் ரோமம் இருந்தது, ஆம்பளைக் கை. கட்டிய பிறகு நீ அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். கீழே வரிசையாக மாமன், மச்சான், சித்தப்பா என்று சொந்தக்காரர்களின் தலைகள். ஓரத்தில் காக்கிச் சட்டையில் கைகூப்பியபடி நான். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தவனும் நான்தான். பழியை உன் மாமன் ஒருவன் தலையிலேயே கட்டினால் அது நியாயமாகாது.

பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைக்காதே என்று சொல்வார்கள். நாங்கள் பெயர் வைத்து, சோறு ஊட்டி, ஊரைக் கூட்டி மொய்யும் வாங்கிவிட்டோம். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் எடுத்து, பரவை, சமயநல்லூர் வழியாகச் சோழவந்தான் போகிற வண்டி என்னுடையது. போகும்போதும் உன் முகம், வரும்போதும் உன் முகம். முதல் சில நாட்கள் அந்த ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் ஏறி முடித்த பிறகும் கொஞ்சம் நின்றுதான் வண்டியை எடுப்பேன். பால்பாண்டி விசில் அடிக்க மறந்தவன் மாதிரி சும்மா இருப்பான். "டிரைவரண்ணே, டாக்டருக்கு அப்பாவாயிட்டீங்க, இனிமே எங்களுக்கு ஊசி ஓசிதான்" என்று ஒருத்தர் சொல்வார். ஓர் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "முழங்கால் வலிக்கு என்ன மாத்திரைன்னு உம் மகட்டக் கேட்டுச் சொல்லுய்யா" என்று கேட்டார். நான், சரிம்மா கேட்டுச் சொல்றேன் என்றேன். எனக்கு அப்போது வெட்கமாகவே இல்லை, பாப்பா. வாழ்நாளில் என் படம் வெளியில் வந்ததே லைசென்சுக்கு அடுத்து அதில்தான்.

பிறகு சான்றிதழ் அலைச்சல். அதில் மட்டும்தான் நான் உபயோகப்பட்டேன். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தேன். கம்ப்யூட்டரில் எதை எங்கே ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் நீயே பார்த்துக்கொண்டாய். நான் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மகள் படித்துவிட்டாள் என்றால் அப்பனுக்கு இருக்கும் வேலை அதுதான் போலிருக்கிறது. கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது நீ என்னிடம், "அப்பா, மதுரையை முதல்ல போடவா, தேனியை முதல்ல போடவா?" என்று கேட்டாய். பிரேக் எங்கே, கிளட்ச் எங்கே என்று கேட்டால் சொல்வேன். "உனக்கு எது சரின்னு படுதோ அதைப் போடும்மா" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக நீ நினைத்திருக்கலாம். உண்மையில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்பதும் அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. நம் தெருவிலேயே அரசுப் பள்ளி இருந்தது. அங்கே சேர்க்காமல், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் ஒழுக்கமாகச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று ஆறாம் வகுப்பில் உன்னை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உதவி பெறும் பள்ளிக்கு அந்த ஒதுக்கீடு கிடையாதாம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து, தினமும் கூட்ட நெரிசலில் உன்னை நிற்கவைத்து, கடைசியில் அதுவே குறுக்கே நின்றுவிட்டது. இதைத் தப்பு என்று சொல்வதா, தலையெழுத்து என்று சொல்வதா? ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது பின்னால் என்ன சட்டம் வரும் என்று எந்த அப்பனுக்குத் தெரியும்? ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் வண்டியில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வருகிறது.

முதல் சுற்றில் உன் பெயர் வரவில்லை. இரண்டாம் சுற்று இருக்கிறதே என்றோம். அதற்குள் மற்ற படிப்புகளுக்கான கடைசித் தேதிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டிப்போவில் ஆளாளுக்கு ஒரு யோசனை. "அண்ணே, கால்நடைக்குப் போடச் சொல்லுங்க", "மாப்ள, அக்ரி எடுத்தா பேங்க் வேலை நிச்சயம்", "ஒண்ணும் இல்லைன்னா நர்சிங் இருக்குல்ல" என்று என் காதில் போட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன். நீ தாளைப் பார்த்தாய், பிறகு சொன்னாய்: "பிளக்ஸ் இருக்குல்லப்பா." அவ்வளவுதான் சொன்னாய். கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. நம் வீட்டில் மாடு இருக்கிறது, கன்று இருக்கிறது என்பது மாதிரிதான் சொன்னாய். நான் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உன் உயிரியல் ஆசிரியர் ஸ்டெல்லா டீச்சரைப் பார்க்கத் திருநகருக்குப் போனேன் என்பது உனக்கு இப்போதுதான் தெரியும். அவர் வீட்டில் காபி கொடுத்து உட்காரவைத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். எந்தப் படிப்பு நல்லது என்று டீச்சர் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் அதைச் சொல்லவில்லை. "சார், அவ கெட்டிக்காரிதான். எதைக் குடுத்தாலும் படிச்சிருவா. அதான் எனக்குக் கவலையா இருக்கு. அவளுக்கு என்ன வேணும்னு அவகிட்டக் கேட்டீங்களா?" என்றார். கேட்டேன் டீச்சர் என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் பிள்ளைகளிடம் கேட்பதுபோல் என்னைத் துருவிக் கேட்காமல் விட்டுவிட்டார். "கர்த்தர் வழி காட்டுவார் சார். நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்று வாசல் வரை வந்து சொன்னார்.

கேட்டுவிடுவது என்று நினைத்தேன். உன்னைப் பைக்கில் மதுரைக்குக் கூட்டிப்போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பரவையில் இளநீர்க் கடையில் நிறுத்தினேனே, அதற்காகத்தான். எனக்குத் தாகம் எல்லாம் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இளநீர்க்காரரிடம் விலைவாசி பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன்: "பாப்பா, உனக்கு டாக்டராகணும்னு நெசமாவே ஆசையா?" நீ ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தாய். "முன்னாடி இருந்துச்சுப்பா. ரொம்பவே இருந்துச்சு. இப்ப அது என்னோட ஆசையா, பிளக்ஸோட ஆசையான்னு எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியல" என்றாய். பதினேழு வயதுப் பிள்ளை அப்படிப் பேசினால் அப்பன் என்ன செய்ய வேண்டும்? உன் தலையில் கை வைத்திருக்கலாம். வா, இரண்டு பேரும் போய் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வருவோம் என்றிருக்கலாம். நான், "இன்னொரு இளநி குடிக்கிறியா?" என்றேன். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். வண்டியை எடுத்தேன். ஸ்டாப் வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன், நீ கண்ணை மூடியிருந்தாய்.

மறுநாள் அலங்காநல்லூருக்கே போய் உன் மாமனிடம் சொன்னேன். கடையில் பந்தல் துணி மடித்துக்கொண்டிருந்தான். "மாப்ள, அந்த பிளக்ஸை இறக்கிருவோமா?" என்றேன். அவன் துணியைக் கீழே போட்டுவிட்டான். "என்ன மாமா பேசுறீங்க? இன்னும் ரெண்டு சுத்து இருக்கு. இப்ப எறக்குனா நாமளே இல்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அபசகுனம் மாமா. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். மருமக மனசு ஒடஞ்சிராதா?" அவன் கண் கலங்கியிருந்தது. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. கெட்டவன் ஒருத்தன் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். உன் காதுகுத்துக்கு மடியில் வைத்திருந்தவன், நீ வயசுக்கு வந்தபோது சீர் தூக்கிக்கொண்டு தெருவை அடைத்து வந்தவன், உன்மேல் இருக்கும் பாசத்தில் செய்தது அது. பாசத்தை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆடிக் காற்று இந்த வருடம் சும்மா விடவில்லை. ஒரு மத்தியான நடையில் ஸ்டாப்பை நெருங்கும்போது பார்த்தேன், பிளக்ஸ் ஒரு பக்கம் அறுந்து, உன் முகம் பாதி கிழிந்து, சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டியில் இருந்தவர்களில் யாரோ "அச்சச்சோ" என்றார்கள். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டேன். மொத்தத்தையும் பிய்த்து எடுத்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். உன் மாமன் ஆட்கள் எதைக் கட்டினாலும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவார்கள். கையால் அவிழ்க்க முடியவில்லை. விரல் கிழிந்ததுதான் மிச்சம். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், கூட்டம் வேடிக்கை பார்க்கிறது, பால்பாண்டி ஓடிவந்து, "அண்ணே, விடுங்கண்ணே. வண்டிக்குள்ள எல்லாரும் பாக்குறாங்க. வாங்க" என்று தோளைப் பிடித்தான். உன் முகத்தை அப்படியே காற்றில் அடிக்கவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். சாயங்காலம் உன் மாமன் ஏணியோடு வந்து, புதிதாக ஒன்று அடித்து, முன்னைவிட இறுக்கமாகக் கட்டிவிட்டுப் போனான். எப்படியோ விஷயம் உன் காதுக்கு வந்து, "ஏம்ப்பா இறங்குனீங்க?" என்று கேட்டாய். காத்துப் போயிருச்சோன்னு டயரைப் பார்த்தேன் என்றேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த நாட்களில் காலையில் பேப்பரை உனக்கு முன்னால் நான் எடுத்துவிடுவேன். சில செய்திகள் வரும் பக்கத்தை உருவி, டிபன் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விடுவேன். பரீட்சை, சீட்டு, பிள்ளை என்று தொடங்கும் தலைப்பு எதுவும் உன் கண்ணில் படக் கூடாது என்றிருந்தது. ஒருநாள் உன் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன். துருப்பிடித்துவிட்டது, வேறு வாங்கி மாட்டுகிறேன் என்றேன். ராத்திரி சாப்பிடும்போது நீ சொன்னாய்: "தாழ்ப்பாள் நல்லாத்தான்ப்பா இருந்துச்சு." உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அப்படியெல்லாம் செய்ய மாட்டேன்ப்பா" என்று நீயே சொல்லிவிட்டு ரசம் கேட்டாய். அப்பன் மகளுக்குத் தைரியம் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் இருவருக்கும் நீதான் அன்றைக்குத் தைரியம் சொன்னாய். ஆனாலும் தாழ்ப்பாளை நான் மாட்டவில்லை. இப்போதும் அது என் டூல்ஸ் பெட்டியில்தான் கிடக்கிறது.

கடைசிச் சுற்றும் போனது. கொஞ்சத்தில் தவறியது என்றார்கள். கொஞ்சத்தில் தவறினாலும் நிறையத் தவறினாலும் பஸ் போனது போனதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் மாமன், அத்தை, சித்தப்பா எல்லோரும் கூடினார்கள். சாவு விழுந்த துட்டி வீடு மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமன்தான் பேச்சை ஆரம்பித்தான்: "ஒரு வருசம்தான மருமகளே. நாமக்கல் பக்கம் நல்ல கோச்சிங் இருக்கு. விடுதியோட சேர்ந்து படிக்கலாம். எல்லாம் மாமன் பாத்துக்கிறேன்." எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ உடனே, "சரி மாமா, போறேன்" என்றாய். அவ்வளவு வேகமாக நீ எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு சுடிதார் எடுக்கவே கடைக்காரரை அரை நாள் படுத்துகிறவள் நீ. எல்லோர் முகமும் தெளிந்தது, அத்தை காபி போட எழுந்தாள். எனக்கு மட்டும் அந்தச் 'சரி' சரியாகப் படவில்லை. அது படிக்கப் போகிறவள் சொன்ன சரியா, அந்த ஸ்டாப்பைத் தாண்டாமல் ஒரு வருடம் இருக்கலாம் என்று நினைத்தவள் சொன்ன சரியா? இப்போதாவது கேள் என்று உள்ளே அடித்துக்கொண்டது. அத்தனை பேர் நடுவில் கேட்க என்னால் முடியவில்லை. அவர்கள் போன பிறகும் கேட்கவில்லை.

உன்னைக் கொண்டுபோய் விட்ட அன்று நான் வெகு நாளைக்குப் பிறகு பயணியாகப் பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஓட்டுகிறவனைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன், நீயும் சிரித்துக்கொண்டே வந்தாய். நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பெட்டி, பக்கெட், பாய் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும்போது கேட் வரை கூட வந்தாய். உள்ளே பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கேட்டாய். "அப்பா, அடுத்த வருசமும் கிடைக்கலைன்னா நான் எந்த வழியா வீட்டுக்கு வாரது?"

நான் சொன்னேன்: "அதெல்லாம் கிடைக்கும்மா. போ, போய்ப் படி."

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன யோசித்தேன் தெரியுமா? வழிகளைத்தான். வாடிப்பட்டியில் இறங்கிச் சோழவந்தான் வண்டி பிடித்து, தேனூர்ப் பக்கமாக வந்துவிட்டால் ஸ்டாப்பைப் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். இல்லாவிட்டால் ரயிலில் வந்து இறங்கிப் பின்தெரு வழியாகக் கூட்டி வந்துவிடலாம். இருட்டிய பிறகு வந்தால் யாருக்கும் முகம் தெரியாது. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே கரூர் வரை வந்துவிட்டேன். பிறகுதான் சுரீர் என்றது. என் மகள் சொந்த வீட்டுக்குத் திருட்டுத்தனமாக வருவதற்கு நானே வழி பார்த்துக் கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை நீ கேட்கும்படி நாங்கள் வைத்தோமே என்று அழுதேன், பாப்பா. பக்கத்தில் இருந்த ஆள் என்னய்யா ஆச்சு என்று கேட்டார். கண்ணில் தூசி என்று சொல்ல, கரூரில் நின்றிருந்த அந்த வண்டியில் காற்றே இல்லை. மகளை விட்டுட்டு வாரேன் என்றேன். கட்டிக் குடுத்துட்டீங்களா என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

சமயநல்லூர் ஸ்டாப்பில் இறங்கியபோது பொழுது சாயவில்லை. இந்த முறை எப்படியாவது இறக்கிவிட வேண்டும், பால்பாண்டியிடம் கட்டிங் பிளேயர் கேட்க வேண்டும் என்று நினைத்தபடி, கடைசிச் சுற்று போன பிறகு முதல் முறையாக அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். நீ அங்கே இல்லை. உன் இடத்தில் இரண்டு குண்டுக் குழந்தைகள், மொட்டைத் தலையில் சந்தனம், யார் வீட்டுக் காதணி விழாவோ. உன் மாமனின் சட்டம்தான். வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறான். டீக்கடைக்காரரிடம், "இங்க முன்ன ஒரு பிளக்ஸ் இருந்துச்சே" என்று கேட்டேன். நம் தெருவை நன்றாகத் தெரிந்தவர்தான். கண்ணைச் சுருக்கி யோசித்தார். "முன்னாடி ஏதோ கல்யாணம்னு நினைக்கிறேண்ணே. மாறிக்கிட்டே இருக்கும், எங்க ஞாபகம் இருக்கு?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் என்ன சொல்வார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தோமே, அந்த நாலு பேரும் அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்கள். ஞாபகம் வைத்திருப்பது நீயும் நானும் உன் அம்மாவும்தான்.

இது உனக்கு ஆறுதலாக இருக்குமா, இதற்குப் போயா என் ஒரு வருடத்தைக் கொடுத்தேன் என்று வயிறு எரியுமா, எனக்குத் தெரியவில்லை. மற்ற கல்லூரிகளில் எல்லாம் இந்த வருடத்துக்குக் கதவு மூடிவிட்டது; அதை மறைத்துப் பேசப் போவதில்லை. உனக்காக நான் பரீட்சை எழுத முடியாது. உன் ஆசை எது என்று உனக்குப் பதிலாகப் பிரித்துப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அங்கே படிப்பது பிடித்திருந்தால் படி. பிடித்துப்போய் டாக்டரானால் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்ட அம்மா காத்துக்கொண்டிருக்கிறார், முதல் நோயாளி அவர்தான். பிடிக்கவில்லை என்றால், நாளைக்கே பிடிக்கவில்லை என்றாலும், வார்டன் அம்மாவின் போனை வாங்கி, 'அப்பா வாங்க' என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்க மாட்டேன். உன் மாமனுக்குப் பதில் சொல்வது என் பாடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். பின்தெரு வேண்டாம், தேனூர் சுற்று வேண்டாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திண்டுக்கல் ரோட்டு வழியாகவே வா. பள்ளிக்கூடம் விடும் நேரமாகப் பார்த்து, நம் ஜனம் முழுக்க நிற்கும்போது சமயநல்லூர் ஸ்டாப்பிலேயே இறங்கு. லீவு போட்டுவிட்டு நான் அங்கே நிற்பேன். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு எனக்கு முன்னால் நட.

அப்பா